ஏற்காடு இறங்கும்போது பிரேக் லிவர் மெத்துன்னு ஆகுது: மாஸ்டர் சிலிண்டர் மாத்தணுமா?

கன்னங்குறிச்சி_125:

வணக்கம். வண்டி 125 சிசி, 2020 மாடல். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், சிபிஎஸ். 31,000 கி.மீ. ஓடியிருக்கு. முன் பேடு ஒரு தடவை மாத்தியாச்சு. பிரேக் ஆயில் வாங்கினதுல இருந்து மாத்தவே இல்லை.

ரெண்டு பேரா ஏற்காடு போயிட்டு அடிவாரம் வழியா இறங்கும்போது, பாதி வளைவு தாண்டினதும் முன் பிரேக் லிவர் மெத்துன்னு ஆகி கிட்டத்தட்ட கைப்பிடியைத் தொடுது. கால் பிரேக்கும் வழக்கத்தைவிட கீழே போகுது, கருகின வாசம் வேற. கீழே வந்து அரை மணி நேரம் நிறுத்திட்டு எடுத்தா ரெண்டும் பழையபடி ஆயிடுது. டவுனுக்குள்ள ஓட்டும்போது எந்தக் குறையும் இல்லை. லீக் எங்கயும் தெரியலை, ஆயில் மட்டமும் லோயர் கோட்டுக்கு மேலதான் இருக்கு.

ஒர்க்ஷாப்ல, லிவர் பக்கத்துல ஆயில் டப்பாவோட இருக்கிற மாஸ்டர் சிலிண்டரையே அசெம்பிளியா மாத்தணும்னு சொல்றாங்க. எனக்குப் புரியாத விஷயம், வழுக்கிடும்னு பயந்து நான் முன் பிரேக்கைத் தொடுறதே குறைவு. தேர்டு, ஃபோர்த் கியர்ல கால் பிரேக்கை மிதிச்சுக்கிட்டேதான் இறங்குறேன். அப்புறம் முன் பிரேக் எப்படிச் சூடாகும்? வீட்டுல செய்யக்கூடிய வேலைன்னா செய்யத் தயார், ஸ்பேனர் செட் இருக்கு.

ஸ்பேனர்_பெட்டி:

மாஸ்டர் சிலிண்டரை இப்போதைக்குத் தொடாதீங்க. நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு: சிபிஎஸ், அதாவது ரெண்டு பிரேக்கையும் இணைக்கிற கம்பைன்ட் பிரேக் சிஸ்டம்.

டிஸ்க் வச்ச 125 சிசி சிபிஎஸ் வண்டிகள்ல கால் பிரேக்கை மிதிச்சா பின் டிரம் மட்டும் பிடிக்கிறதில்லை. பெடல்ல இருந்து ஒரு கேபிள் ஹேண்டில்பார் வரைக்கும் மேல போய் முன் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து இழுக்கும். சந்தேகமா இருந்தா டபுள் ஸ்டாண்டு போட்டு, பின்னாடி ஒருத்தரை உட்கார வச்சு முன் வீலைத் தூக்கிச் சுத்திவிட்டு, கால் பிரேக்கை மட்டும் அமுக்கிப் பாருங்க, முன் வீல் நிக்கும். ஆக நீங்க தொடாத முன் பிரேக்கை மலை இறங்குற நேரம் முழுக்க உங்க கால் மிதிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

எவ்வளவு சூடுன்னு ஒரு கணக்கு. சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர் சுமாருக்கு. இறக்கம் 1,200 மீட்டர். வண்டியும் ரெண்டு பேரும் சேர்த்து 250 கிலோன்னு வச்சுக்கிட்டா, அந்த இறக்கத்துல வெளியேற வேண்டிய சக்தி பத்து லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். அதுல இன்ஜின் கொஞ்சம் தின்னும், காத்தும் டயரும் கொஞ்சம் தின்னும். மிச்சம் மொத்தமும் ஒரு சின்ன டிஸ்க், ஒரு டிரம் தலையில. ஃபோர்த் கியர்ல வந்தா இன்ஜின் தின்ற பங்கு ரொம்பக் குறைச்சல்.

இனி ஆயில். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும் ஜாதி. டாட்ங்கிறது அதோட தர வகை. டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணி ஏறிட்டா அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிடுது. டாட் 3ன்னா 205, 140. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு சொல்றது இதுக்காகத்தான். உங்க ஆயில் காலிப்பருக்குள்ள (பேடால டிஸ்க்கைக் கவ்வுற பாகம்) கொதிச்சு ஆவியாகுது. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால லிவர் மெத்துன்னு போகுது. ஆறினதும் ஆவி திரும்ப ஆயிலாயிடும், லிவர் திரும்பி வரும்.

மாஸ்டர் சிலிண்டர் கெட்டிருந்தா அறிகுறி வேற. வண்டி ஆறி நிக்கும்போது லிவரை மிதமா அமுக்கி ஒரு நிமிஷம் அப்படியே பிடிங்க. கொஞ்சம் கொஞ்சமா உள்ளே இறங்கிக்கிட்டே போனா உள்ளே இருக்கிற ரப்பர் கப் தேஞ்சு ஆயில் பின்னாடி கசியுதுன்னு அர்த்தம். கல்லு மாதிரி நின்னா சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு. எப்பவுமே, காலையில முதல் தடவை பிடிச்சாலும் மெத்துன்னு இருந்தா லைன்ல ஏர். லிவர் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலைன்னா பேடு காஞ்சு கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். ஒர்க்ஷாப்ல இந்த நாலையும் பிரிச்சுப் பார்க்காமலே பில் போடுறதுதான் எரிச்சல்.

இன்னொண்ணு. கடையில கிடைக்கிற வேற லிவர் எதாவது மாட்டியிருக்கீங்களா? சிலது முனை நீளமா இருந்து பிஸ்டனை லேசா அமுக்கிக்கிட்டே இருக்கும். அப்போ ஆயில் டப்பாவுக்குத் திரும்புற துளை அடைபட்டு, பேடு டிஸ்க்கை விடாது, நேர் ரோட்டுலயே சூடேறும். சிபிஎஸ் கேபிளை இறுக்கி வச்சிருந்தாலும் இதே கதை. லிவர் நுனியில கொஞ்சமாவது சும்மா ஆடணும்.

சேர்வராயன்_ரைடர்:

டாட் 5 போட்டுடுங்க, அது கொதிக்கவே கொதிக்காது.

ஸ்பேனர்_பெட்டி:

வேண்டாம். டாட் 5 சிலிக்கான் ஆயில், டாட் 3, 4, 5.1 எல்லாம் கிளைக்கால் ஜாதி. ரெண்டும் கலக்காது. உள்ளே போற தண்ணி சிலிக்கான்ல கரையாம காலிப்பர் அடியில துளியா நிக்கும், அது 100 டிகிரியிலேயே கொதிக்கும். டாட் 5.1 வேற விஷயம், அது டாட் 4 கூடச் சேரும். ஆனா உங்க வண்டிக்கு டப்பா மூடியில எந்த நம்பர் போட்டிருக்கோ அதையே புதுசா ஊத்தினாப் போதும்.

மரை_கழண்டவன்:

ஆயில் மாத்துற வேலை வீட்டுலயே ஆகும். ஒரு மணி நேரம் வச்சுக்கங்க, லிவர் பிடிக்க இன்னொரு ஆள் இருந்தா சுலபம்.

வாங்க வேண்டியது: சீல் உடைக்காத டாட் 4 பாட்டில் (முதல் தடவைன்னா 250 மில்லி, பழகினவங்களுக்கு 100 மில்லி போதும்), காலிப்பர்ல ஆயிலை வெளியே விடுற நிப்பிள்ல இறுக்கமா ஏறுற உள் அளவுல மீன் தொட்டிக்குப் போடுற, உள்ளே தெரியுற பிளாஸ்டிக் டியூப் ஒண்ணரை அடி, மெடிக்கல்ல ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு, பழைய துணி. பக்கத்துல ஒரு பக்கெட் தண்ணி கட்டாயம். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். சொட்டினா துடைக்காதீங்க, உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க. துடைச்சா அந்த இடம் பூரா பரவும். பழைய பாட்டில்ல மிச்சம் இருக்கிற ஆயிலை நம்பாதீங்க, திறந்து வச்சதுலயே ஈரம் ஏறியிருக்கும்.

ஆயில் எடுக்குறதுக்கு முன்னாடி காலிப்பரைக் கழட்டிப் பார்த்துடுங்க. ஃபோர்க்ல பிடிக்கிற ரெண்டு போல்ட்தான். கழட்டினதும் ஹோஸ்ல தொங்க விடாம கம்பி போட்டு ஃபோர்க்கோட கட்டுங்க. காலிப்பர் நகர்றதுக்கு இருக்கிற ரெண்டு ஸ்லைடு பின்னும் கையால தள்ளினா வழுக்கிட்டுப் போகணும். சேலம் தூசிக்கு மூணு வருஷத்துல காஞ்சு துருப்பிடிச்சுடுது. பின் ஒட்டிக்கிட்டா ஒரு பக்கப் பேடு மட்டும் தேயும், சூடும் அந்தப் பக்கமே சேரும். ரெண்டு பேடையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒண்ணு மெலிசாவும் ஒண்ணு தடியாவும் இருந்தா சந்தேகமே வேண்டாம். துடைச்சு சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாத் தடவுங்க. செயினுக்கோ பேரிங்குக்கோ போடுற கிரீஸ் போட்டா ரப்பர் பூட் ஊதிப்போய் முன்னைவிட மோசமாப் பிடிக்கும்.

பிஸ்டன் வெளியில தெரியுற பாகத்தைப் பழைய டூத் பிரஷ்ல பிரேக் ஆயில் தொட்டுத் தேய்ச்சு, அழுக்குப் போனதும் கட்டைவிரலால உள்ளே தள்ளுங்க. அழுக்கோட தள்ளினா சீல் கிழியும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் பக்கத்துல வரக்கூடாது. தள்ளும்போது மேல டப்பாவுல ஆயில் ஏறும், வழிஞ்சிடாம சிரிஞ்சால எடுத்துக்கங்க. பேடு இல்லாத நேரத்துல யாரும் லிவரையோ கால் பிரேக்கையோ தொடக்கூடாது, பிஸ்டன் வெளியில வந்து விழுந்துடும். வீட்டுல குழந்தைங்க இருந்தா கவனம்.

பேடுல நடுவுல வெட்டியிருக்கிற காடி மறைஞ்சிருந்தா மாத்திடுங்க. காடி இருக்கு, ஆனா மேல பளபளன்னு கண்ணாடியா இருக்குன்னா, உப்புத்தாளைச் சமமான கண்ணாடி மேல வச்சுப் பேடை எட்டு போடுற மாதிரி பத்து தடவை தேய்ச்சாப் போதும். டிஸ்க் தடிமன் எவ்வளவு வரைக்கும் தேயலாம்னு டிஸ்க்லயே பொறிச்சிருக்கும், ஓரத்துல அளக்காம பேடு ஓடுற தடத்துல அளக்கணும்.

இப்போ ஆயில். ஹேண்டிலைத் திருப்பி டப்பா மட்டமா இருக்கிற மாதிரி வையுங்க. டேங்க் மேல ஈரத்துணி. மூடி ஸ்க்ரூ ரெண்டும் மெத்துன உலோகம், பாதிப் பேர் இங்கதான் ஸ்க்ரூ தலையை வழிச்சுட்டு நிப்பாங்க. சரியான சைஸ் ஸ்டார் டிரைவரை வச்சு, மேல சுத்தியால ரெண்டு லேசான தட்டு தட்டி, அழுத்திப் பிடிச்சுத் திருப்புங்க. உள்ளே இருக்கிற பழைய ஆயிலை சிரிஞ்சால உறிஞ்சி எடுங்க, ஆனா அடியில இருக்கிற துளை காத்துக்குத் திறக்காத அளவுக்கு மிச்சம் விடுங்க. புது ஆயிலை ஊத்துங்க.

காலிப்பர் நிப்பிள்ல முதல்ல 8 நம்பர் ரிங் ஸ்பேனரை மாட்டி, அது மேல டியூபை ஏத்துங்க. மாத்திச் செஞ்சா ஸ்பேனர் போகாது. டியூப் மறுமுனை, கொஞ்சம் ஆயில் இருக்கிற பாட்டில்ல முங்கியிருக்கணும். லிவரை மெதுவா மூணு தடவை அமுக்கிவிட்டு, பிடிச்சுக்கிட்டே நிப்பிளைக் கால் சுத்து திறங்க. லிவர் இறங்கும், டியூப்ல கறுப்பு டீ கலர்ல ஆயில் வரும். நிப்பிளை மூடின பிறகுதான் லிவரை விடணும். இந்த வரிசை ஒரு தடவை மாறினாலும் ஏர் உள்ளே போயிடும். அஞ்சாறு தடவைக்கு ஒரு தரம் மேல டப்பாவைப் பார்த்து ஊத்துங்க, காலியாக விட்டா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். தெளிஞ்ச தேன் கலர்ல, குமிழி இல்லாம வர்ற வரைக்கும்.

முக்கியமான ஒண்ணு: லிவருக்கும் கைப்பிடிக்கும் நடுவுல ஒரு சின்ன மரத்துண்டு வச்சுக்கங்க, லிவர் கடைசி வரைக்கும் போகக்கூடாது. பல வருஷமாப் பிஸ்டன் போகாத அந்தக் கடைசி இடத்துல அழுக்கும் துருவும் சேர்ந்திருக்கும். கப் அங்க போய் உரசினா கிழிஞ்சுடும். நல்லா இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஆயில் மாத்தின மறுநாள் கெட்டுப்போறது இப்படித்தான்.

நிப்பிளை இறுக்க ரெண்டு விரல் பலம் போதும், 6 நியூட்டன் மீட்டர் சுமார்தான். முறிஞ்சா காலிப்பர் கணக்குல செலவு. முடிச்சதும் லிவர் இன்னும் துளி மெத்தனமா இருந்தா, லிவரை ரப்பர் டியூபால கைப்பிடியோட இழுத்துக் கட்டி ராத்திரி விட்டுடுங்க. மேல மாட்டிக்கிட்டிருக்கிற நுண்ணிய குமிழி காலையில லிவரை விட்டதும் டப்பாவுக்கு ஏறிடும்.

கன்னங்குறிச்சி_125:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். லிவர் ஒரு நிமிஷம் பிடிச்சுப் பார்த்தேன், இறங்கவே இல்லை. ஆயில் உண்மையிலேயே கறுப்பு டீதான். கால் பிரேக் கீழே போறதுக்கு என்ன? அங்க ஆயிலே கிடையாதே. மலை மேலயே நட்டைத் திருகி டைட் பண்ணிக்கலாமா?

மரை_கழண்டவன்:

அதை மட்டும் செய்யாதீங்க. டிரம் சூடாகும்போது விரியும். உள்ளே இருக்கிற பிரேக் ஷூ போய்த் தொட இன்னும் கொஞ்சம் தூரம் போகணும், அதனால பெடல் இறங்குது. அந்த நிலையில நட்டை டைட் வச்சா, கீழே வந்து ஆறினதும் டிரம் சுருங்கி ஷூவைக் கவ்விக்கும். வீல் பிடிச்சுக்கிட்டே ஓடும், மறுநாள் ஆபீஸ் போற வழியிலேயே மறுபடி கருகும். அட்ஜஸ்ட்மென்ட் எப்பவும் ஆறின வண்டியில.

பின் வீல் பிரேக் ஆர்ம் பக்கத்துல ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசா மிதிச்சுப் பிடிக்கும்போது அம்பு எல்லைக் கோட்டைத் தொட்டா ஷூ முடிஞ்சுது. தொடலைன்னா கழட்டி சுத்தம் செஞ்சாப் போதும். உள்ளே இருக்கிற தூசியை வாயால ஊதவோ ஏர் அடிக்கவோ வேண்டாம், நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணியால துடைங்க. ஷூவுல பளபளப்பு இருந்தா 80 நம்பர் உப்புத்தாள். ஷூவை விரிக்கிற கேமை உருவி, துருவைத் தேய்ச்சு, ஹை டெம்பரேச்சர் கிரீஸ் பயறு அளவு. அதுக்கு மேல போட்டா சூட்டுல உருகி ஷூ மேல வழியும். டிரம் உள் விட்டத்தோட எல்லை டிரம்லயே பொறிச்சிருக்கும், 130 மி.மீ. டிரம்னா வழக்கமா 131.

மாட்டினதும் பெடல் நுனியில 20ல இருந்து 30 மி.மீ. சும்மா ஆடுற மாதிரி நட்டை அரை அரை சுத்தா வையுங்க. நட்டோட குழிஞ்ச பக்கம் பிரேக் ஆர்ம்ல இருக்கிற பின் மேல சரியா உட்காரணும், இல்லைன்னா ரெண்டு மிதியில லூசாயிடும். உங்களுதுல சிபிஎஸ் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் தனி. மேனுவல்ல போட்டிருக்கிற இடைவெளியைப் பார்த்துத்தான் வைக்கணும், கண் மதிப்புல வேண்டாம்.

அஸ்தம்பட்டி_ரவுண்டானா:

ரிப்பேர் எல்லாம் சரி. இறங்குற முறையை மாத்தலைன்னா புது ஆயிலும் ரெண்டு மூணு மழைக்காலத்துக்குள்ள இதே நிலைக்கு வரும்.

ஏறும்போது எந்த இடத்துல எந்த கியர் வேணும்னு வண்டி கேட்டுச்சோ, இறங்கும்போதும் அதே கியர். 125ல ரெண்டு பேர்னா கொண்டை ஊசியில செகண்ட், நடுவுல நேர் வர்ற இடத்துல தேர்டு. இன்ஜின் உறுமும், உறுமட்டும், சிவப்புக் கோட்டுக்குக் கீழ இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. ஃபோர்த் அந்த 20 வளைவுக்குள்ள எங்கயும் வேண்டாம்.

பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே வர்றதுதான் உங்க தப்பு. மிதிச்சுக்கிட்டே இருந்தா பேடும் டிஸ்க்கும் பிரியவே பிரியாது, நடுவுல காத்துப் போக நேரமே கிடைக்காது. வேகம் ஏற விடுங்க, வளைவுக்கு 30, 40 மீட்டர் முன்னாடி ரெண்டு பிரேக்கையும் நல்லா அழுத்திப் பிடிச்சு வேகத்தை வேணும்கிற அளவுக்குக் கொண்டுவாங்க, முழுசா விட்டுடுங்க. முன் பிரேக்குக்குப் பயப்பட வேண்டாம். இறக்கத்துல எடை முன் வீலுக்குப் போறதால முன் டயருக்குத்தான் பிடிப்பு அதிகம். வழுக்குறது வண்டி சாஞ்சிருக்கும்போது வெடுக்குன்னு பிடிச்சாத்தான். நேரா இருக்கும்போது ரெண்டு விரலால படிப்படியா அழுத்துங்க. சாஞ்ச பிறகு புதுசாப் பிடிக்காதீங்க.

வளைவுக்குள்ள கிளட்சைப் பிடிக்கிற பழக்கம் இருந்தா விடணும். பிடிச்ச நொடி இன்ஜின் பிடிமானம் போயி வண்டி தானா வேகமெடுக்கும், சரியா சாஞ்சிருக்கிற நேரத்துல. கியர் மாத்துறது எல்லாம் வளைவுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

இடது கொண்டை ஊசிதான் இறங்குறவங்களுக்குச் சிக்கல். நம்ம பக்கம் உள்வட்டம், செங்குத்தா விழும், இடமும் குறுகல். ஓரத்தை ஒட்டியே நுழைஞ்சா வெளியில வரும்போது நடுக்கோட்டைத் தாண்டி வீசிடும். நம்ம பாதிக்குள்ளேயே நடுக்கோடு பக்கமா நுழைஞ்சு, வளைவு முடியுற இடம் கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகு உள்ளே திருப்புங்க. பார்வை முன் டயர்ல இருக்கக்கூடாது, தலையைத் திருப்பி வெளியேறுற இடத்தைப் பார்க்கணும். வலது வளைவு அகலம்தான், ஆனா வெளி ஓரத்துல மண்ணும் சருகும் ஒதுங்கிக் கிடக்கும், மழைக்காலத்துல அந்த ஈரச் சருகு சோப்பு மாதிரி.

கீழே இருந்து பஸ் வந்தா வளைவுக்கு முன்னாடியே நின்னுடுங்க. ஒரே மூச்சுல திரும்ப அதுக்கு முழு ரோடும் வேணும். ரோடு குறுகலா இருக்கிற இடத்துல ஏறுற வண்டிக்கு வழி விடணும்கிறது சட்டத்துலயே இருக்கு. ஹாரனைக் கேட்டும் நுழைஞ்சுட்டுப் பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டிக்கிறவங்களை வாராவாரம் பார்க்கலாம்.

குரங்கு உட்கார்ந்திருக்கிற இடத்துல பொரி போட நிறுத்துற கார்களும் ஒரு ஆபத்து, திருப்பத்துக்கு அந்தப் பக்கம் நிக்கும்.

சேர்வராயன்_ரைடர்:

நியூட்ரல்ல விட்டா பெட்ரோலாவது மிச்சமாகும்ல?

அஸ்தம்பட்டி_ரவுண்டானா:

ஆகாதுங்க. 2020க்கு அப்புறம் வர்ற பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். கியர்ல இருக்கும்போதே ஆக்சிலேட்டரை முழுசா விட்டா, வீலே இன்ஜினைச் சுத்துறதால பெட்ரோல் பீச்சுறதையே அது நிறுத்திடும். நியூட்ரல்ல போட்டா ஐடிலிங்குக்கு வேண்டியதைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். பெட்ரோலும் போச்சு, பிரேக்கும் போச்சு.

கன்னங்குறிச்சி_125:

ஆயில் மாத்தியாச்சு, மரத்துண்டு வச்சுத்தான் செஞ்சேன். ஸ்லைடு பின்ல ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்துச்சு, உள் பக்கப் பேடு வெளிப் பக்கத்துல பாதிகூட இல்லை. அதனால புது பேடும் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை மலைக்குப் போய்ப் பார்க்கலாமா?

ஸ்பேனர்_பெட்டி:

புது பேடோட நேரா மலைக்குப் போகாதீங்க. பேடு மேல்பரப்பு டிஸ்க்கோட இன்னும் முழுசாப் படிஞ்சிருக்காது, பாதி இடம்தான் தொடும், அந்தப் பாதியே கருகிக் கண்ணாடியாயிடும். பைபாஸ் சர்வீஸ் ரோட்டுல காலையில ஆள் இல்லாத நேரமாப் பார்த்து, 40 கி.மீ. வேகத்துல இருந்து 10க்கு மிதமாப் பிடிச்சு விடுங்க, முழுசா நிறுத்த வேண்டாம். நடுவுல கால் கிலோமீட்டர் சும்மா ஓட விட்டு மறுபடி. இருபது தடவை. டிஸ்க்ல தடம் முழுக்க ஒரே சாம்பல் நிறமா வந்துட்டாப் படிஞ்சுடுச்சு.

அப்புறம் 200 கி.மீ. டவுன்ல ஓட்டிட்டு, நிப்பிள் அடியிலயும் டப்பா மூடி ஓரத்துலயும் விரல் வச்சுப் பாருங்க, ஈரம் இருக்கக்கூடாது. மலையில சூடானா டிஸ்க் மேல தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, வளைஞ்சுடும். ஓரமா நிறுத்திட்டு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.